தலைப்பெழுத்தும் தலையெழுத்தும்

தமிழில் வசைச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் கொடியது எது என்று கேட்டால், "அப்பன் பெயர் தெரியாதவன்" என்பதையே பலரும் சுட்டுவர். திருடன் என்ற சொல் திருடியவனைக் குறிக்கிறது. பொய்யன் என்ற சொல் பொய்யுரைத்தவனைக் குறிக்கிறது. இந்த வசையோ, தான் செய்யாத ஒன்றுக்காக, தான் பிறப்பதற்கும் முன்னால் நடந்ததாகக் கருதப்படும் ஒன்றுக்காக, ஒருவன்மேல் வீசப்படுகிறது. ஏசப்படுபவன் மகன், இழிவுபடுத்தப்படுபவள் தாய், வழக்கில் பேசப்படாமலே விடுதலையாகிவிடுபவன் தந்தை! இந்த வசையின் நாகரிகமான, அரசு முத்திரை பெற்ற வடிவந்தான் நம் பெயருக்கு முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்து. அதனைத் தலைப்பெழுத்து என்கிறோம். தந்தையை இழந்த பிள்ளை, தாயின் மறுமணத்திற்குப் பிறகு பள்ளிப் படிவத்தின்முன் நிற்கும்போது, அதுவே தலையெழுத்தாகிவிடுகிறது.

இந்தச் சிக்கலை அரக்கோணத்திலிருந்து பார்ப்பது பொருத்தமுடையது. சென்னை, காட்பாடி, செங்கற்பட்டு, ரேணிகுண்டா ஆகிய நான்கு திசை இருப்புப் பாதைகளும் கூடும் ஊர் அது. பாதைகள் கூடுவது போலவே அங்குப் பெயரிடும் முறைகளும் கூடுகின்றன. தமிழ் வழக்கில் தலைப்பெழுத்து, தந்தையின் சொந்தப் பெயரின் முதலெழுத்து. வடக்கே சில கல் தொலைவு சென்றால் தெலுங்கு வழக்கு. அங்கே முன்னிற்பது 'இண்டிபேரு' எனப்படும் வீட்டுப் பெயர். தலைமுறை தலைமுறையாகத் தந்தை வழியில் இறங்கிவருவது. ஒரே பள்ளியின் ஒரே வருகைப் பதிவேட்டில் 'கு' என்ற எழுத்து ஒரு பிள்ளைக்குக் குமாரசாமி என்ற தகப்பனையும், அடுத்த பிள்ளைக்கு எந்தக் காலத்திலோ வாழ்ந்த ஒரு குடும்பத்தையும் குறிக்கலாம்.

முறை இரண்டு, உள்ளுறை ஒன்று. இரண்டிலும் பெண்ணுக்கு நிலையான எழுத்து கிடையாது. பிறந்தவுடன் தந்தையின் எழுத்து; மணந்தவுடன் கணவனின் எழுத்து; மறுமணம் புரிந்தால் மறு கணவனின் எழுத்து. ஒருத்தி வாழ்நாளில் மூன்று எழுத்து மாறினாலும் ஊர் வியப்பதில்லை, வழக்காடுவதும் இல்லை. அவள் இடுப்பிலிருக்கும் குழந்தையின் எழுத்து மாறுமானால் மட்டும் குலம் கொதிக்கிறது, கோத்திரம் குமுறுகிறது, நீதிமன்றத்தின் கதவு தட்டப்படுகிறது. இது கற்பனையன்று. அப்படித் தட்டப்பட்ட கதவு பதினான்கு ஆண்டுகள் மூடப்படாமலே இருந்தது.

வழக்கு ஆந்திரத்தில் பிறந்தது. வழக்காடியவர்களின் பெயர் நமக்கு வேண்டியதில்லை, நிகழ்ச்சிகள் போதும். 2003-இல் ஒரு பெண்ணுக்கு மணம் நடந்தது. 2006 மார்ச்சுத் திங்களில் ஆண் மகவு பிறந்தது. அதே ஆண்டு சூன் திங்களில் கணவர் மறைந்தார். மகவுக்கு இரண்டரை மாதம். 2007 ஆகஸ்டில் அந்தப் பெண் மறுமணம் செய்துகொண்டார். குழந்தை புதிய குடும்பத்தில், புதிய குடும்பப் பெயரோடு வளரத் தொடங்கிற்று. மறைந்தவரின் பெற்றோர் 2008-இல், 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின் பத்தாவது பிரிவைத் துணைக்கொண்டு, பேரனுக்குத் தங்களையே காப்பாளராக அமர்த்துமாறு மனுச் செய்தனர். தாயிடமிருந்து குழந்தையைப் பிரிப்பது தகாது எனக் கீழ்மன்றம் 2011-இல் மனுவைத் தள்ளிற்று. முதியோர் மேல்முறையீடு செய்தனர். 2014 சனவரியில் ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றம் கீழ்மன்றத்தின் முடிவை ஏற்றது. ஏற்றதோடு நிற்கவில்லை. குழந்தையின் பழைய குடும்பப் பெயரை மூன்று மாதத்திற்குள் மீட்டுத் தரவேண்டும். ஆவணங்களில் இடமிருக்குமிடமெல்லாம் பெற்ற தந்தையின் பெயரைக் காட்டவேண்டும். இடமில்லையேல், இப்போதைய கணவரின் பெயரை 'மாற்றாந்தந்தை' என்றே குறிக்கவேண்டும் என்று கட்டளையிட்டது.

இந்தக் கட்டளையை எத்தனை முறை படித்தாலும் திகைப்பே மிஞ்சுகிறது. முதலில், இதனை எவரும் கேட்கவில்லை. முதியோர் கேட்டது குழந்தையை, பெயரையன்று. கேட்டதை மறுத்துவிட்டுக் கேளாததை வழங்கிற்று மன்றம். இரண்டாவது, அந்தச் சொல். பள்ளிச் சேர்க்கையில், மாற்றுச் சான்றிதழில், குடும்ப அட்டையில், குழந்தை எங்கெங்குத் தன் தாளை நீட்டுகிறதோ அங்கெல்லாம் அந்தச் சொல் அதற்கு முன்னே போய் நின்று, "இவன் வேறு, இவன் வீட்டார் வேறு" என்று கட்டியங்கூறும். எழுத்தர் ஏறிட்டுப் பார்ப்பார். வரிசையில் பின்னால் நிற்பவர் எட்டிப் பார்ப்பார். குற்றவாளியின் நெற்றியில் சூடு போட்ட காலத்தைப் பற்றி வரலாற்றில் படிக்கிறோம்; அங்கேனும் குற்றமென்று ஒன்று இருந்தது.

மொழியும் இதற்கு உடந்தை என்பதை ஈண்டுச் சொல்லியாகவேண்டும். மூத்தாள் பிள்ளை, இளையாள் பிள்ளை என்று தமிழில் சொற்கள் உண்டு. ஆண் இரு முறை மணப்பான் என்பதை மொழி எதிர்பார்த்துச் சொல் செய்து வைத்திருக்கிறது. பெண் இரு முறை மணப்பாள் என்பதை அது எதிர்பார்க்கவே இல்லை. ஆகவே முதற் கணவனின் பிள்ளை, இரண்டாங் கணவனின் பிள்ளை என்று நீட்டி முழக்க வேண்டியிருக்கிறதே அல்லாமல் ஒரு சொல்லில் அடங்குவதில்லை. 'மாற்றாந்தாய் மனப்பான்மை' என்பதோ மேடைதோறும் முழங்கும் தொடர். நிதி தர மறுக்கும் நடுவணரசைச் சாட எந்தக் கட்சியும் அதனைக் கையாளத் தயங்குவதில்லை. தான் பெறாத பிள்ளைக்குச் சோறூட்டித் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பும் பெண்ணொருத்தி அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கக் கூடும் என்பதைப் பேச்சாளர் எண்ணிப்பார்த்தால், டில்லியைச் சாட வேறு சொல் கிடைக்காமற் போகாது.

2022 சூலை 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் தினேசு மகேசுவரியும் கிருட்டிண முராரியும் உயர்நீதிமன்றத்தின் அந்தக் கட்டளையைத் தகர்த்தனர். தந்தை மறைந்தபின் தாயே குழந்தையின் இயற்கைக் காப்பாளர். குடும்பப் பெயரை முடிவு செய்யவும், குழந்தையைத் தத்துக் கொடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு என்றனர். மாற்றாந்தந்தை என்று எழுதச் சொல்வது ஏறத்தாழக் கொடுமையே என்றும், குழந்தையின் மனநலத்தையும் தன்மதிப்பையும் எண்ணிப்பாராதது என்றும் கண்டித்தனர். வழக்கு நிலுவையிலிருக்கும்போதே, 2019-இல், இரண்டாங் கணவர் பதிவு செய்யப்பட்ட ஆவணத்தின் வழியாகக் குழந்தையைத் தத்தெடுத்திருந்தார். தத்தெடுத்த குடும்பத்தின் பெயரைத் தத்துப்பிள்ளை தாங்குவதில் மன்றம் தலையிட என்ன இருக்கிறது என்று நீதிபதிகளே வியந்தனர். தன்மதிப்பு என்ற சொல் தீர்ப்பில் ஒரு குழந்தையின் பொருட்டு வந்திருப்பதைச் சுயமரியாதை என்ற சொல்லோடு வளர்ந்தவர்கள் கவனியாமல் இருக்க முடியாது.

தீர்ப்பின் முடிவு நன்று. ஆயினும் அந்த முதியோர் ஏன் அந்தப் பெயரைப் பற்றி நின்றனர் என்பதற்குச் சட்டத்தின் பழைய ஏடுகளில் ஒரு விடை கிடக்கிறது. ஈசுவர சந்திர வித்யாசாகரின் முயற்சியால் 1856-இல் கைம்பெண் மறுமணச் சட்டம் வந்தது. புரட்சிச் சட்டம் என்று பாராட்டுகிறோம், பாராட்ட வேண்டியதே. அதன் இரண்டாம் மூன்றாம் பிரிவுகளையும் சேர்த்துப் படிக்கவேண்டும். மறுமணம் புரிந்த பெண், மறைந்த கணவனின் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழப்பாள் என்றது இரண்டாம் பிரிவு. கணவன் உயில் வழியாகக் காப்பாளரை அமர்த்தாமல் இறந்திருந்தால், அவனுடைய தந்தையோ தாயோ பாட்டனோ ஆண் உறவினரோ மன்றத்தை அணுகி, குழந்தைகளுக்கு வேறு காப்பாளரை அமர்த்துமாறு கேட்கலாம் என்றது மூன்றாம் பிரிவு. "போ, மணந்துகொள்; பொருளை வைத்துவிட்டுப் போ; பிள்ளையையும் வைத்துவிட்டுப் போ" என்பதே அதன் பொருள். 1983-இல்தான் அச்சட்டம் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது. இருபத்தைந்து ஆண்டு கழித்து அந்தப் பெற்றோர் வேறொரு சட்டத்தைச் சுட்டி வந்தாலும், அவர்கள் கையிலிருந்த மனுவில் அந்த மூன்றாம் பிரிவின் மூச்சுக்காற்று இருந்தது.

அதற்கும் முந்திய ஏடு மனு. மகன்களைப் பன்னிரண்டு வகையாகப் பிரித்து வகைக்கொரு பட்டம் சூட்டி, ஆறு வகையார்க்குப் பங்கு உண்டு, ஆறு வகையார்க்கு இல்லை என்று கணக்கெழுதியவர். மறுமணம் புரிந்த பெண்ணின் மகனுக்குப் 'பௌனர்பவன்' என்று ஒரு பட்டம். அவன் பங்கில்லாதவர் வரிசையில். பிண்டம் வைக்க ஆள் வேண்டும் என்பதே அந்தக் கணக்கின் அடிப்படை. மகன் என்பவன் பெற்றோரின் பசிக்குப் பின்னால் வரும் பசியைத் தீர்க்கும் கருவி! கருவிக்கு உரிமையாளர் பெயரைப் பொறிப்பது இயல்புதானே. 1956-ஆம் ஆண்டின் இந்து மகவேற்புச் சட்டம் இந்தக் கணக்கைப் பெருமளவு கலைத்தது. பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம், பெண்ணும் தத்தெடுக்கலாம், தத்த ஓமம் கட்டாயமில்லை. புகையில்லாமலே குழந்தை மகனாகலாம், மகளாகலாம் என்றது சட்டம்.

குருதி வழியே குலப்பெயர் என்று வாதிடும் பெருமக்களுக்கு அரக்கோணத்தின் வடபுறத்தில் ஒரு மலை காத்திருக்கிறது. 365 படி ஏறித் திருத்தணிகையில் அவர்கள் கைகூப்புகிறார்களே, அந்தக் கடவுளின் பெயர் என்ன? கார்த்திகேயன். பெற்றவர் பெயரால் வந்ததா அது? பாலூட்டி வளர்த்த கார்த்திகைப் பெண்கள் அறுவரின் பெயரால் வந்தது. அருகில் நிற்கும் வள்ளி யார்? கிழங்ககழ்ந்த குழியில் கண்டெடுக்கப்பட்டு வேடர் தலைவன் நம்பி வளர்த்த பெண். கதையை நாம் நம்புகிறோம் என்று எவரும் நினைக்கவேண்டா. நம்புகிறவர்களை நோக்கித்தான் கேட்கிறோம்: வளர்த்தவர் பெயரால் அழைக்கப்படும் கடவுளுக்குக் காவடி எடுப்பீர்; வளர்த்தவர் பெயரைத் தாங்கும் குழந்தைக்கு மட்டும் சிறப்புக் குறிப்பு எழுதச் சொல்வீரோ?

அந்தத் திருத்தணியே ஒரு வகையில் எழுத்து மாறிய ஊர்தான். 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்திற்குப் போயிற்று. எல்லைப் போராட்டத்தின் பயனாக, 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்தின்படி, 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்குப் பின் எந்தப் பதிவேட்டிலும் 'மாற்றாந்தாய் வட்டம்' என்று அதனை எழுதியதாகத் தெரியவில்லை. மண்ணுக்குக் கிடைத்த மரியாதை மழலைக்குக் கிடைக்கப் பிறகு 62 ஆண்டுகள் ஆயின!

முதியோர் பக்கத்தில் நியாயமே இல்லையா? உண்டு. ஈன்ற மகனை இழந்தவர்களுக்கு அவன் பெயர் கடைசி உடைமை. பேரனின் பெயரில் அது ஒட்டிக்கொண்டிருந்தால் மகன் முழுவதும் சாகவில்லை என்று நெஞ்சம் ஆறுதல் கொள்ளும். இதனை வைதிகம் என்று ஒதுக்கிவிடுவது இரக்கமற்ற செயல், பகுத்தறிவும் அன்று. பேரனைக் காணவும் அவனோடு பேசவும் மகனுடைய நிழற்படத்தைக் காட்டவும் அவர்களுக்கு வழி வேண்டும். சொத்தைப் பற்றிய அச்சமும் வேண்டியதில்லை. தத்துக்கு முன்பே குழந்தைக்கு உரிமையாகிவிட்ட சொத்து தத்துக்குப் பின்னும் குழந்தையுடையதே என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பன்னிரண்டாம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. பெயர் மாறுவதால் பாட்டன் பாட்டியின் அன்பு மாறுவதும் இல்லை. அவர்களுடைய துயரத்தை ஆற்றும் பொறுப்பை ஐந்து வயதுப் பிள்ளையின் பள்ளித் தாளில் ஏற்றி வைப்பதைத்தான் நாம் மறுக்கிறோம்.

இனி, உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் குறைகளுக்கு வருவோம். பாராட்டிய கையால் சுட்டவும் வேண்டும்.

தாய்க்கு அந்த உரிமை ஏன் வந்தது? தந்தை இறந்ததால் வந்தது. 1956-ஆம் ஆண்டின் இளவர் காப்பாளர் சட்டம், இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்கிறது. எழுத்தாளர் கீதா அரிகரன் தொடுத்த வழக்கில் 1999-இல், 'பின்' என்பதற்கு இறந்தபின் என்று மட்டும் பொருள் கொள்ளவேண்டா, தந்தை பொறுப்பேற்காத நிலையையும் அது குறிக்கும் என்று உச்ச நீதிமன்றம் விளக்கிற்று. வாசல் சற்று அகன்றது. ஆனால் முதல் நாற்காலி இன்னும் தந்தைக்கே. வேடிக்கை இன்னொன்று. அதே சட்டத்தின் ஏழாம் பிரிவைப் படியுங்கள். தத்து நடந்தவுடன் காப்புரிமை தத்தெடுத்த தந்தைக்கும் அவருக்குப் பின் தாய்க்கும் போகும் என்கிறது. தத்தெடுத்த 'மகன்' என்றே பிரிவு பேசுகிறது. மகளைப் பற்றி மூச்சில்லை. தனியாக நின்றபோது முதலிடத்தில் இருந்த தாய், தன் குழந்தையைப் புதிய கணவன் தத்தெடுக்கச் சம்மதித்த அந்த நொடியில் சட்ட ஏட்டில் இரண்டாம் இடத்திற்கு இறங்குகிறாள். நன்றிக்கு இப்படியும் ஒரு பரிசு!

கணவன் உயிரோடிருந்து கைவிட்டுச் சென்றானானால் நிலை இன்னும் மோசம். குழந்தையைத் தத்துக் கொடுக்க மற்றவரின் இசைவு வேண்டும். அவர் உலகைத் துறந்திருந்தால், இந்து மதத்தை விட்டிருந்தால், பித்தர் என்று மன்றம் முடிவு செய்திருந்தால் மட்டுமே இசைவு தேவையில்லை. காவியுடுத்துப் போனவனின் ஒப்பம் வேண்டா. காசு தராமல், கடிதமும் எழுதாமல், அடுத்த ஊரில் வேறு குடும்பம் நடத்துகிறவனின் ஒப்பம் வேண்டும்! இங்கிலாந்தில், குழந்தை யாருடன் வாழ்வது என்று மன்றம் ஆணையிட்டிருக்கும் நிலையில், பெற்றோர் பொறுப்புடையவர் அனைவரின் எழுத்து இசைவோ மன்றத்தின் அனுமதியோ இன்றிக் குடும்பப் பெயரை மாற்றக்கூடாது என்று 1989-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் விதிக்கிறது. அங்கும் தடை உண்டு. ஆனால் மன்றத்தின் முன் உரைகல் குழந்தையின் நலன். இங்கோ இசைவு மறுத்தவனை விலக்கிவிட்டுக் குழந்தையின் நலனை அளக்க அந்தப் பிரிவில் கோலே இல்லை.

இவற்றினும் பெரிய குறை ஒன்று. வழக்கு முழுவதும் இரண்டு ஆண்களின் பெயர்களுக்கு இடையே நடந்தது. பெற்ற தந்தையின் பெயரா, வளர்க்கும் தந்தையின் பெயரா? பெற்றும் வளர்த்தும் நின்ற தாயின் பெயர் போட்டியிலேயே இல்லை. தீர்ப்பு தாய்க்கு வழங்கியது, எந்த ஆணின் பெயரைக் குழந்தைக்குச் சூட்டலாம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை. தேர்வுக்குரிய பட்டியலில் தன் பெயரையும் அவள் சேர்க்கலாம் என்பதை உரக்கச் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை.

தமிழகத்திற்கு இது புதிதன்று. இசையரசி எம். எஸ். சுப்புலட்சுமியின் முன்னெழுத்துகளில் 'எம்' என்பது மதுரை. 'எஸ்' என்பது சண்முகவடிவு, அவரைப் பெற்ற தாய். தேவதாசிக் குலத்தில் பிறந்தவர்க்குத் தாய் பெயரே முன்னெழுத்தானது அக்காலச் சமுதாயம் ஒட்டிய இழிவு. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை முத்துலட்சுமி அம்மையாரும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் போராடியது அந்த இழிவை எதிர்த்தே. ஆனால் அந்தத் தாயெழுத்து ஐக்கிய நாடுகள் அவையின் மன்றம் வரை போய், 1998-இல் பாரத ரத்தினமும் பெற்றது. இழிவு எழுத்தில் இல்லை. எழுத்தைப் பார்த்த கண்ணில் இருந்தது. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் தொங்கிய சாதிப் பட்டத்தை அறுத்தெறியச் சொன்னது, நாடு கேட்டது. இன்று தமிழ்நாட்டில் ஒருவர் பெயரைக் கொண்டு சாதியை அறிவது அரிது. வடநாட்டார் இன்றும் இதை வியக்கின்றனர். பின்னால் தொங்கியதை அறுத்த நாம், முன்னால் நிற்பதைத் தொட்டுப் பார்க்கவும் தயங்குகிறோம்.

ஆவணங்கள் சில நகர்ந்துள்ளன. தந்தை, தாய் இருவர் பெயரும் வேண்டா, ஒருவர் பெயர் போதும் என்று 2016 இறுதியில் கடவுச்சீட்டு விதி மாறிற்று. தாய் மட்டுமே வளர்க்கும் பிள்ளைக்கு வருமானவரி நிரந்தரக் கணக்கு எண் பெறத் தந்தை பெயர் கட்டாயமில்லை என்று 2018 திசம்பரில் விதி வந்தது. தமிழக அரசோ 1975-லேயே தருமாம்பாள் அம்மையார் பெயரால் கைம்பெண் மறுமண உதவித் திட்டம் தொடங்கி மணமக்களுக்குப் பணமும் தந்தது. மணமேடைவரை வந்த அந்த அக்கறை, மேடைக்குப் பக்கத்தில் தாயின் முந்தானையைப் பிடித்து நின்ற பிள்ளையின் பள்ளிப் பதிவேடுவரை வந்திருக்க வேண்டாவா? முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதுக என்று 2021-இல் ஆணை பிறந்தது, வரவேற்கிறோம். எந்த மொழியின் எழுத்து என்பதோடு, எவருடைய எழுத்து என்ற கேள்வியையும் அதே மேசையில் வைத்திருக்கலாம். மறுமணத்திற்கு உதவித்தொகை தரும் அலுவலகமே, பிள்ளையின் பெயர் மாற்றத்திற்கும் தத்து ஆவணப் பதிவுக்கும் வழிகாட்டி ஒப்பமிட்டுத் தருமானால், அந்தத் தாய் வட்டாட்சியர் அலுவலகம், பள்ளி, பதிவகம் என்று அலைந்து ஒவ்வொரு மேசையிலும் தன் வாழ்க்கைக் கதையை முதலிலிருந்து ஒப்பிக்க வேண்டியதில்லை.

பதினான்கு ஆண்டு வழக்கில் பாட்டன் பாட்டியின் மனம் பேசப்பட்டது; தாயின் உரிமை பேசப்பட்டது; குடும்பம் ஒரே பெயரில் விளங்கவேண்டியதன் இன்றியமையாமை பேசப்பட்டது. தீர்ப்பு வந்தபோது அந்தப் பிள்ளைக்கு வயது பதினாறு. கேட்டால் சொல்லத் தெரிந்த வயது. நீ எப்பெயரால் அழைக்கப்பட விரும்புகிறாய் என்ற கேள்வியின்மீது அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. 2024 மார்ச்சில் அவருக்குப் பதினெட்டு நிறைந்துவிட்டது. பெற்றவர் பெயரோ, வளர்த்தவர் பெயரோ, தாயின் பெயரோ, எதுவுமற்ற தன் பெயரோ, இனி எதை வைத்துக்கொள்வது என்பதற்கு அவர் எந்த மன்றத்தின் படியும் ஏறவேண்டியதில்லை. அரசிதழில் ஓர் அறிவிப்பு போதும்.